பெரிய அப்பார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ்ல வாடகைக்கு போறீங்களா? வீடு பாக்கறதுல இருந்து காலி பண்ற வரைக்கும் முழு வழிகாட்டி

சென்னையில ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் 10 வருஷமா வாடகைக்குத்தான் இருக்கேன். மூணு காம்ப்ளெக்ஸ் மாறியாச்சு, மொதல்ல இருந்தது 300 வீடு, அடுத்தது 800 கிட்ட, இப்ப இருக்கறதுல 1,000த்துக்கு மேல வீடு. புதுசா வேலைக்கு சேந்து வர்ற தம்பி தங்கச்சிங்க, ஊர்ல இருந்து குடும்பத்தோட மாறி வர்றவங்கன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்கறது, “எதெல்லாம் பாத்து போகணும்?” ஒவ்வொருத்தருக்கும் போன்ல அரை மணி நேரம் சொல்லிட்டே இருக்கறதுனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன்.

ஒரு விஷயத்த மொதல்லயே புரிஞ்சிக்கோங்க. தனி வீட்டுல ஹவுஸ் ஓனர் கீழ் போர்ஷன்லயே இருப்பார், தண்ணி வரலன்னா கதவ தட்டி “மோட்டார் போடுங்க சார்”னு கேட்டுடலாம். இங்க அப்படி இல்ல, வீட்ட குடுக்கறது ஓனர், லிஃப்ட், தண்ணி, செக்யூரிட்டி, நீச்சல் குளம் எல்லாம் நடத்தறது அசோசியேஷன் (வீட்டு ஓனருங்க சேந்து வச்சிருக்கற சங்கம்), அவங்களுக்கு கீழ ஒரு ஃபெசிலிட்டி மேனேஜர். பாத்ரூம் சீலிங்ல ஒழுகுதுன்னு ஆபீஸ்ல போய் சொன்னா “ஓனர மெயில் போட சொல்லுங்க”ம்பாங்க, ஓனருக்கு வாட்ஸ்ஆப் பண்ணா “அது மேல் வீட்டு பைப், அசோசியேஷன்கிட்ட பேசுங்க”ம்பார், அவர் இருக்கறது வெளிநாட்டுல, அங்க அப்ப நடுராத்திரி, நடுவுல பக்கெட் வச்சிட்டு நிக்கறது நாமதான். அதனால எந்த விஷயமா இருந்தாலும் இதுக்கு பொறுப்பு யாரு, காசு கட்டறது யாரு, அது எழுத்துல எங்க இருக்குன்னு மூணையும் கேட்டுடுங்க. கீழ சொல்ற எல்லா படியும் இந்த மூணு கேள்வியில இருந்து வர்றதுதான்.

படி 1: வீடு பாக்கறது

புரோக்கர் மதியானம் 12 மணிக்கு கூட்டிட்டு போவார், அப்ப எல்லாமே அமைதியா அழகா இருக்கும். அதே எடத்துக்கு நீங்களே ஒரு தடவ காலையில எட்டரைக்கும் இன்னொரு தடவ ராத்திரி 8 மணிக்கும் போங்க. காலையில போனா லிஃப்ட்டுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும், ஸ்கூல் பஸ் எங்க நிக்குது, கேட்ட தாண்டி மெயின் ரோடு ஏற எத்தன நிமிஷம்னு தெரியும், ராத்திரி போனா பார்க்கிங் நிலவரமும் எஸ்டிபி வாடையும் தெரிஞ்சிடும். எஸ்டிபின்னா கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பெரிய காம்ப்ளெக்ஸ்ல உள்ளயே இருக்கும், அதுல சுத்தம் பண்ண தண்ணிதான் ஃப்ளஷுக்கும் செடிக்கும் போகும். அது எந்த பிளாக் பக்கத்துல இருக்குன்னு கேட்டு, காத்து அடிக்கற திசையில வீடு இருந்தா யோசிங்க. ஜெனரேட்டர் ரூம், குப்பை பிரிக்கற இடம், பார்ட்டி ஹால், இந்த மூணுக்கும் நேர் மேல இருக்கற கீழ் மாடி வீடுகள நானா இருந்தா எடுக்க மாட்டேன்.

அடுத்து வீட்டுக்குள்ள நின்னு போன்ல பேசி பாருங்க. கான்கிரீட் சுவர் உள்ள சில பிளாக்ல பெட்ரூம்ல சிக்னலே வராது. எந்த இன்டர்நெட் கம்பெனி அந்த பிளாக்ல கேபிள் போட்டிருக்குன்னும் கேளுங்க, நமக்கு பிடிச்ச கம்பெனிக்கு உள்ள வர அனுமதியே இல்லாம இருக்கலாம்.

படி 2: தண்ணி (இத மட்டும் அவசரப்படாம படிங்க)

2019 ஜூன் மாசத்த மறக்கவே முடியாது. சென்னைக்கு தண்ணி குடுக்கற ஏரிங்க வறண்டு போய், லாரி தண்ணிக்கு ஊரே காத்திட்டு இருந்த நேரம். ஓஎம்ஆர் காம்ப்ளெக்ஸ் பல இடத்துல அப்ப லாரிதான் ஒரே வழி. எங்க காம்ப்ளெக்ஸ்ல காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் தண்ணி விட்டாங்க, வாடகை மட்டும் முழுசா போச்சு. அதுக்கப்புறம் எந்த வீடு பாத்தாலும் நான் மொதல்ல கேக்கறது டைல்ஸ் பத்தியோ பால்கனி வியூ பத்தியோ இல்ல, தண்ணி எங்க இருந்து வருதுங்கறதுதான்.

கேக்க வேண்டியது இதுதான். மெட்ரோ வாட்டர் (சென்னை குடிநீர் வாரியம்) லைன் இருக்கா, போர்வெல் எத்தன, கோடையில லாரி எத்தன நாளைக்கு ஒண்ணு வருது, அந்த செலவு அசோசியேஷனுக்கு மாசா மாசம் கட்டற மெயின்டனன்ஸ்லயே இருக்கா இல்ல தனி பில்லா. தனி பில்னா வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கா, இல்ல சதுர அடி கணக்குல பிரிச்சு போடறாங்களா. சதுர அடி கணக்குன்னா ரெண்டு பேர் இருக்கற மூணு பெட்ரூம் வீடு, ஆறு பேர் இருக்கற ரெண்டு பெட்ரூம் வீட்ட விட அதிகமா கட்டும். மீட்டர் இருக்கற இடம்தான் நியாயம்னு நான் உறுதியா சொல்வேன், மீட்டர் வந்தாத்தான் ஜனங்க ஒழுகற குழாய கவனிக்கவே ஆரம்பிக்கறாங்க.

ஒரு கணக்கு வச்சுக்கோங்க. வீட்டு உபயோகத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கறது இந்தியாவுல பொதுவா எடுத்துக்கற அளவு. நாலு பேர் குடும்பம்னா 540 லிட்டர், மாசத்துக்கு 16,200 லிட்டர். உங்க மீட்டர் 25,000 லிட்டர் காட்டுதுன்னா எங்கயோ ஒழுகுது, பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்ல. கண்டுபிடிக்க சுலபமான வழி, ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கேசரி பவுடர் போட்டுட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கீழ கோப்பையில கலர் இறங்கி வந்தா வால்வு போயிடுச்சு. பிளம்பர் அத அரை மணி நேரத்துல மாத்திடுவார். நாங்க கவனிக்காம ரெண்டு மாசம் விட்டு கட்டுன பில்லுல நாலு வால்வு வாங்கியிருக்கலாம்.

குழாய திறந்து அந்த தண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு பாருங்க, நுரையே வரலன்னா உப்பு தண்ணி. ஷவர் தலையில வெள்ளையா படிஞ்சிருக்கா, ஹீட்டர் எத்தன வருஷம் பழசுன்னு பாருங்க, உப்பு தண்ணியில ஹீட்டர் காயில் சீக்கிரமே போகும், அந்த செலவு யாரோடதுங்கறத இப்பவே பேசிடணும்.

படி 3: கரண்டு, பவர் பேக்கப்

வீட்டுக்கு தனி ஈபி சர்வீஸ் நம்பர் இருக்கா, இல்ல பில்டர் தன்னோட கனெக்ஷன்ல இருந்து சப் மீட்டர் வச்சு பிரிச்சு குடுக்கறாரான்னு கேளுங்க. தனி கனெக்ஷன்னா ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் இலவசம், சப் மீட்டர்ல அந்த சலுகை நம்ம கைக்கு வருதான்னு எழுத்துல தெரிஞ்சிக்கணும். ரெண்டு மாசத்துல 500 யூனிட்ட தாண்டிட்டா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, 100க்கு மேல உள்ள யூனிட்டுக்கே வேற கணக்கு வந்துடும். அதனால குடி போற அன்னிக்கு மீட்டர் ரீடிங்க தேதியோட போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க, முன்னாடி இருந்தவங்க ஓட்டுன ஏசிக்கு நாம கட்ட வேண்டியதில்ல.

பவர் பேக்கப் “100 சதவீதம்”னு விளம்பரத்துல போட்டிருப்பாங்க. அது லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட்டுக்குத்தான் பெரும்பாலும். வீட்டுக்குள்ள எத்தன வாட்டுக்கு விடறாங்கன்னு கேளுங்க. 1,000 வாட் கிட்டன்னா ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ், வைஃபை ஓடும், ஹீட்டர் மட்டுமே 2,000 வாட் வரும், அத போட்டா ட்ரிப் ஆகி மொத்தமா நின்னுடும். ஜெனரேட்டர் ஓடறப்ப உள்ள யூனிட்டுக்கு டீசல் ரேட்ல தனி சார்ஜ், அது ஈபி ரேட்ட விட பல மடங்கு இருக்கும்.

படி 4: அக்ரிமென்ட்

தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு 2017-ல போட்ட சட்டம் 2019 பிப்ரவரில இருந்து அமல்ல இருக்கு. அதன்படி அக்ரிமென்ட் எழுத்துலதான் இருக்கணும், 90 நாளைக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், அரசோட டெனன்சி போர்ட்டல்ல ஆன்லைன்லயே பண்ணலாம், ஒரு பதிவு நம்பர் தருவாங்க. பல ஓனருங்க “11 மாசம்தானே, எதுக்கு?”ன்னு கேப்பாங்க. பண்ணிடுங்கன்னு மரியாதையா ஆனா விடாம சொல்லுங்க, நாளைக்கு அட்வான்ஸ் தகராறுன்னு வந்தா அந்த நம்பர்தான் நமக்கு கைப்பிடி.

அட்வான்ஸ் பத்தி சொல்லணும். சென்னையில 10 மாச அட்வான்ஸ் ரொம்ப காலமா பழக்கம். சட்டம் சொல்றது மூணு மாச வாடகை, ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதிக்கலாம்னு அதுலயே ஒரு வாசல் இருக்கு. அதனால பேரம் பேச வேண்டியது நம்ம வேலை. நான் ஒவ்வொரு தடவையும் பேசித்தான் குறைச்சிருக்கேன், கடைசி வீட்டுக்கு நாலு மாசம்.

அக்ரிமென்ட்ல இதெல்லாம் கண்டிப்பா இருக்கணும்: மெயின்டனன்ஸ் யாரு கட்டறது, தொகை எவ்வளவு, நடுவுல ஏத்துனா அந்த வித்தியாசம் யார் தலையில. அசோசியேஷன் மெயின்டனன்ஸ் மாசத்துக்கு 7,500 ரூபாய தாண்டினா ஜிஎஸ்டி வேற சேர வாய்ப்பிருக்கு. கார்பஸ் ஃபண்ட் (பெரிய செலவுக்குன்னு அசோசியேஷன் சேத்து வைக்கற பணம்), கட்டடத்துக்கு வெளி பெயின்ட், புது லிஃப்ட் இதுக்கெல்லாம் அப்பப்ப வசூல் பண்ற ஸ்பெஷல் தொகை ஓனரோடதுன்னு ஒரு வரி போட்டுடுங்க. பார்க்கிங் ஸ்லாட் நம்பர், கிளப் ஹவுஸ் பயன்படுத்தற உரிமை வாடகைக்கு இருக்கறவங்களுக்குன்னு தெளிவா. காலி பண்றப்ப பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகைய பிடிக்கற பழக்கம் இருக்கு, எவ்வளவுன்னு இப்பவே எண்ணுல எழுதுங்க. ரிப்பேர் பத்தி சட்டத்துலயே ஒரு பட்டியல் இருக்கு, சுவர் கட்டுமானம், வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது, வயரிங் ஓனர் பொறுப்பு, குழாய் வாஷர், சுவிட்ச், ஹீட்டர் ரிப்பேர், பூட்டு, கொசு வலை மாதிரி சின்னது நம்ம பொறுப்பு. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கலாம், நான் ஹீட்டர ஓனர் பக்கம் தள்ளி எழுதிக்கிட்டேன், உப்பு தண்ணிதான் காரணம்.

ஓனர் என்ஆர்ஐயா (வெளிநாட்டுல வாழற இந்தியரா) இருந்தா வாடகை எவ்வளவு கம்மியா இருந்தாலும் நாமதான் டிடிஎஸ், அதாவது வாடகையில இருந்து வருமான வரிய, பிடிச்சு அரசுக்கு கட்டணும். நிறைய பேருக்கு இது தெரியாம அப்புறம் நோட்டீஸ் வாங்கியிருக்காங்க, மொத மாச வாடகை அனுப்பறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர பாத்துடுங்க.

படி 5: குடி போற நாள்

சாமான் ஏத்தற வண்டிய நேரா கேட்டுக்கு கொண்டு போயிடாதீங்க. ஓனர்கிட்ட இருந்து அசோசியேஷனுக்கு ஒரு மெயில், அக்ரிமென்ட் காப்பி, ஆதார், போலீஸ் வெரிஃபிகேஷன் ஃபார்ம், மூவ் இன் சார்ஜ், இதெல்லாம் முடிஞ்சாத்தான் உள்ள விடுவாங்க. எங்கள ஒரு தடவ சாயங்காலம் 6 மணிக்கு கேட்லயே நிறுத்திட்டாங்க, ஞாயித்துக்கிழமை ஷிஃப்டிங்குக்கு அனுமதி இல்லன்னு, லாரிக்கு ஒரு நாள் வெயிட்டிங் சார்ஜ் கட்டுனோம். சர்வீஸ் லிஃப்ட் டைம் முன்னாடியே புக் பண்ணுங்க. பால் காய்ச்சறதுக்கு மட்டும் நல்ல நாள்ல ரெண்டு பேர் போய்ட்டு வர்றதுக்கு எங்கயும் தடை சொல்ல மாட்டாங்க, சாமான் அப்புறம் போகட்டும்.

காலி வீட்ட ஒவ்வொரு ரூமா வீடியோ எடுங்க, சுவர்ல இருக்கற ஆணி ஓட்டை, உடைஞ்ச டைல்ஸ், ஈரம் ஊறுன இடம், கபோர்டு உள்பக்கம் எல்லாம். அத அன்னிக்கே ஓனருக்கு மெயில்ல அனுப்பிடுங்க. இந்த ஒரு மெயில்தான் எனக்கு ரெண்டாவது வீட்டுல 40,000 ரூபாய காப்பாத்துச்சு, அந்த கதைய கடைசியில சொல்றேன்.

கேட் ஆப்ல (மைகேட் மாதிரி, யாராவது வந்தா உள்ள விடலாமான்னு நம்ம போன்ல கேக்கற ஆப்) உங்க பேர டெனன்ட்டா ஓனர் சேத்து விடணும். வீட்டுல இருக்கற பெரியவங்க பேரையும் சேருங்க, இல்லன்னா நீங்க ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கறப்ப காஸ் சிலிண்டர்காரர் கேட்ல நின்னுட்டு திரும்பி போயிடுவார்.

படி 6: பொது வசதிகள்

ஜிம், நீச்சல் குளம், ஷட்டில் கோர்ட், பார்ட்டி ஹால் எல்லாத்துக்கும் நாம கட்டற மெயின்டனன்ஸ்லதான் செலவு பண்றாங்க. “டெனன்ட்டுக்கு கிடையாது”ன்னு யாராவது சொன்னா பைலால (அசோசியேஷனோட விதிமுறையில) எங்க இருக்குன்னு காட்ட சொல்லுங்க. கூச்சப்பட வேணாம், அந்த காசு உங்க சம்பளத்துல இருந்து போறது.

குளத்துல இறங்கறதுக்கு முன்னாடி தண்ணிய பாருங்க, அடியில இருக்கற கோடு தெளிவா தெரியலன்னா இறங்காதீங்க. குளோரின், பிஎச் அளவ தினமும் எழுதற ரெஜிஸ்டர் இருக்கும், பிஎச் 7.2-ல இருந்து 7.8க்குள்ள இருக்கணும். நிறைய இடத்துல லைஃப் கார்டு இருக்க மாட்டார், இருந்தாலும் சில மணி நேரம்தான். பிள்ளைங்கள ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, முழங்கால் அளவு தண்ணின்னு நினைச்சு கரையில போன் பாத்துட்டு உக்காராதீங்க.

பார்ட்டி ஹால் புக் பண்றப்ப வாடகை, க்ளீனிங், டெபாசிட் மூணையும் தனித்தனியா கேட்டு ரசீது வாங்குங்க. ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் வெளிய கேக்கற மாதிரி ஸ்பீக்கர் போடக்கூடாதுங்கறது நாட்டோட சட்டமே. மேல் மாடியில ப்ளஸ் டூ படிக்கற பிள்ளை இருக்கும், ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கற பாட்டி இருப்பாங்க.

காரிடார்ல செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், பழைய அலமாரி வைக்கறது எல்லா பிளாக்லயும் நடக்குது, அது நெருப்பு புகை வந்தா ஜனங்க ஓட வேண்டிய வழி. உங்க மாடியில தீயணைப்பு சிலிண்டர் எங்க இருக்கு, அடுத்த ரீஃபில் தேதி என்ன, ஃபயர் படிக்கட்டு கதவு பூட்டாம இருக்கான்னு இன்னிக்கே போய் பாத்துடுங்க. பூட்டியிருந்தா உடனே எழுத்துல கம்ப்ளெய்ன்ட்.

நாய், பூனை வளக்கறவங்களுக்கு, செல்லப்பிராணி வளக்கக்கூடாதுன்னோ லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னோ அசோசியேஷன் தடை போட முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015-லயே சொல்லியிருக்கு. அதே நேரம் நாய் போன எடத்த சுத்தம் பண்றது நம்ம கடமை.

இன்னொண்ணு மனசுல இருந்து சொல்றேன். வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க, டெலிவரி தம்பிங்க இந்த லிஃப்ட்ல வரக்கூடாதுன்னு சில இடத்துல போர்டு வச்சிருக்காங்க. 14 மாடிக்கும் ஒரே சர்வீஸ் லிஃப்ட், அது ஷிஃப்டிங்ல மாட்டிக்கிட்டா அவங்க படியேறி வர்றாங்க. எங்க பிளாக்ல வாடகைக்கு இருக்கறவங்க 20 பேர் கையெழுத்து போட்டு அந்த போர்ட எடுக்க வச்சோம். உங்களாலயும் முடியும்.

படி 7: மழைக்காலம்

2015-லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் பட்ட பிறகு பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் சுத்து வட்டாரத்துல இருக்கறவங்களுக்கு இத சொல்லவே வேணாம். புதுசா வர்றவங்க கவனிங்க. பேஸ்மென்ட் பார்க்கிங் மொதல்ல ரொம்பும். ஆரஞ்சு அலர்ட் வந்ததுமே வண்டிய மேட்டுப்பக்கம் எடுத்துடுங்க, தண்ணி ஏறுன பிறகு கீழ இறங்கவே கூடாது, கரண்டு பேனல் அங்கதான் இருக்கும். ஜெனரேட்டர், மோட்டார் எந்த தளத்துல இருக்குன்னு வீடு பாக்கறப்பவே கேளுங்க, பேஸ்மென்ட்லன்னா வெள்ளம் வந்தா கரண்டு, தண்ணி, லிஃப்ட் மூணும் ஒண்ணா போகும், மேல் மாடியில வயசானவங்களோட இருக்கறவங்க இத நினைச்சு மாடிய தேர்ந்தெடுங்க.

படி 8: கம்ப்ளெய்ன்ட், மீட்டிங்

வாய் வார்த்தையா சூப்பர்வைசர்கிட்ட சொன்னது காத்தோட போயிடும். ஆப்ல டிக்கெட் போடுங்க, போட்டோ சேருங்க, மூணு நாள்ல நடக்கலன்னா அதே டிக்கெட் நம்பர போட்டு அசோசியேஷன் மெயிலுக்கு அனுப்பி ஓனர காப்பியில வைங்க. ஒரே மெயில்ல ரெண்டு பேரும் இருந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் சொல்லி தட்டிக்கழிக்க முடியாது, இதுதான் நான் கண்ட பெரிய மருந்து.

அசோசியேஷன்ல ஓட்டு ஓனருக்குத்தான். ஆனா பல இடத்துல ஓனர் எழுதி குடுத்தா நாம மீட்டிங்ல உக்காந்து பேசலாம். போங்க, பாதிக்கு மேல வீட்டுல குடியிருக்கறது வாடகைக்காரங்களா இருக்கற பிளாக்ல கூட தண்ணி நேரத்த முடிவு பண்றவங்க அங்க குடியிருக்காத ஓனருங்களா இருக்காங்க.

ஓனர் மெயின்டனன்ஸ் பாக்கி வச்சிருக்கார்னு நம்ம வீட்டு தண்ணிய, கரண்ட நிறுத்தறதா மிரட்டுனா பயப்படாதீங்க. தண்ணி, கரண்டு, லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் அத்தியாவசிய சேவை, அத நிறுத்தறதுக்கு எதிரா வாடகை அதிகாரிகிட்ட மனு குடுக்கலாம், உடனே திருப்பி குடுக்க சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கு. ஓனர் வீட்டுக்குள்ள வந்து பாக்கணும்னாலும் 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டுத்தான் வரணும்.

படி 9: காலி பண்றது

நோட்டீஸ மெயில்ல குடுங்க, அக்ரிமென்ட்ல ரெண்டு மாசம்னா ரெண்டு மாசம், தேதிய தெளிவா போடுங்க. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸ் திரும்பி வரணும்னு சட்டமே சொல்லுது. சில பேர் கடைசி ரெண்டு மூணு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சிக்க சொல்லி பேசிடுவாங்க, ஓனர் வெளிநாட்டுல இருந்தா அது நல்ல வழிதான், ஆனா அவர் ஒத்துக்கிட்டது எழுத்துல இருக்கட்டும்.

இப்ப அந்த 40,000 கதை. ரெண்டாவது வீட்ட காலி பண்றப்ப ஓனர் தரப்புல ஒருத்தர் வந்து பாத்துட்டு, பெட்ரூம் சுவர் ஈரம், மாடுலர் கிச்சன் கதவு ஊதினது, ரெண்டு டைல்ஸ் விரிசல், எல்லாம் நாங்க பண்ணதுன்னு 40,000 பிடிப்போம்னு சொன்னார். என் மனைவி போன எடுத்து மூணு வருஷம் முன்னாடி குடி போன அன்னிக்கு அனுப்புன வீடியோவ காட்டுனாங்க, அதே ஈரம், அதே விரிசல், தேதியோட. அன்னிக்கு மெயிலுக்கு ஓனர் “ஓகே”ன்னு பதிலும் போட்டிருந்தார். வந்தவர் ஓனருக்கு போன் பண்ணி பேசிட்டு வந்து, பெயின்டிங்குக்கு எழுதியிருந்த தொகைய மட்டும் கழிச்சிட்டு மிச்சத்த அனுப்பிடறதா சொன்னார்.

கடைசி வாரத்துல மெயின்டனன்ஸ், தண்ணி, ஈபி மூணும் பாக்கி இல்லன்னு ரசீதோட காட்டி அசோசியேஷன்ல மூவ் அவுட் பாஸ் வாங்குங்க, அது இல்லாம லாரி வெளிய போகாது. மீட்டர் போட்டோ மறுபடியும் எடுங்க, காஸ் கனெக்ஷன புது முகவரிக்கு மாத்த சொல்லுங்க, பார்க்கிங் ஸ்டிக்கர், கிளப் ஹவுஸ் கார்டு, சாவி எத்தன செட் குடுத்தீங்கன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. கேட் ஆப்ல உங்க பேர அந்த வீட்டுல இருந்து எடுத்துட்டாங்களான்னு பாத்துடுங்க, எடுக்கலன்னா புதுசா வந்தவங்க வீட்டு பால்காரருக்கு உங்க போன்ல பெல் அடிச்சிட்டே இருக்கும்.